குறுவழி

இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு பத்திராசிரியர் எம்மைக் கேட்டுக்கொண்டபோது, யாம் முதலில் தயங்கினோம். பெரும் பொருள்களைப் பற்றி எழுதுதற்குப் பேராசிரியர் பலர் நம் கலாசாலையில் உளர். கம்பன் கவிநயமும், காந்தியடிகளின் அறப்போரும், அணுவின் இயல்பும் அவர்கள் கைவண்ணத்தால் ஆண்டுதோறும் இம்மலரில் மணம் வீசுகின்றன. யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறிது. கணிப்பொறியில் எழுதுவோர், தாம் நாள்தோறும் நாடும் அடைவுகளுக்கு விரைந்து செல்வது எங்ஙனம் என்பதே அது. "இதுவும் ஒரு பொருளோ?" என நகைப்பார் நகைக்க. இச்சிறு பொருளில் யாம் கற்றுக்கொண்டது கொஞ்சம். கற்கத் தவறியதனால் முதியவர் ஒருவர்க்கு யாம் இழைத்த பிழை பெரிது. அப்பிழையை யாவரும் அறிய ஒப்புக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

அடைவு என்பது முறை, ஒழுங்கு எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். டைரக்டரி என ஆங்கிலத்தார் வழங்குவதனை இச்சொல்லாற் குறித்தோர் நன்றே குறித்தனர். எழுதிய ஏடுகளையெல்லாம் ஒரே பேழையில் திணித்து வைத்தால், வேண்டியதை வேண்டியபோது எடுத்தல் இயலாது. ஆதலின் பேழைக்குள் பேழையும், அதனுள் மற்றொரு பேழையுமாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வைக்கின்றோம். இவ்வாறு ஒன்றனுள் ஒன்றாக அடைவுகளை அமைக்கும் முறையை, மல்டிக்ஸ் என்னும் பெருங் கணிப்பொறி அமைப்புக்காக டேலி, நியூமன் என்னும் இருவர் 1965-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விரித்துரைத்தனர். 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டெனிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் அம்முறையை ஏற்று, எளிமையாக்கி, உலகெங்கும் பரவச் செய்தது. அவர்கள் காட்டிய மரத்துக்கு வேர் மேலே உள்ளது. கிளைகள் கீழ்நோக்கிப் படர்கின்றன. வேருக்குப் பெயர் இல்லை. சாய்கோடு ஒன்றே அதன் அடையாளம்.

நாம் கடிதத்தின் மேல் விலாசம் எழுதும்போது, ஆளின் பெயரை முதலில் எழுதி, பின் வீடு, தெரு, ஊர், ஜில்லா எனச் சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்கின்றோம். கணிப்பொறியோ இதற்கு நேர்மாறாகப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகின்றது. நாடு சொல்லி, ஜில்லா சொல்லி, ஊர் சொல்லி, தெரு சொல்லி, இறுதியிலேதான் ஆளைச் சொல்லவேண்டும். நடுவில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஆளைக் காணோம். அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்க விரும்பினும், முழு விலாசமும் ஓதிய பின்னரே கதவு திறக்குமாயின் அது எத்துணைத் தொல்லை என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இத்தொல்லை எமக்கு நேர்ந்த வரலாறு இது. நம் கலாசாலையின் பழைய மாணவர் பலர் தம் இளமைக் கால நினைவுகளை எழுதி அனுப்பிய கட்டுரைகளைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒழுங்குபடுத்தி, பழைய மாணவர் தினத்தன்று வாசிப்பதற்கும் பின்னர் அச்சேற்றுதற்கும் ஆயத்தம் செய்யும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கு யாம் ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியைக் கையாண்டோம். 1976-ஆம் ஆண்டில் மாஸச்சூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றி, ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவரால் 1985-இல் குனு ஈமாக்ஸ் எனப் புதிதாக வெளியிடப்பட்டு, இன்றளவும் வளர்ந்து வருவது அது. அதனைத் திறந்து உதவி கேட்டு எச் என்னும் எழுத்தைத் தட்டினால், பல மொழிகளில் வரவேற்பு மொழிகள் தோன்றும். அவற்றிடையே "வணக்கம்" எனத் தமிழும் நிற்பதைக் கண்ட அன்றே அதன்பால் எமக்கு அன்பு உண்டாயிற்று.

தமிழ்ப் பணியாதலின் அடைவுகளுக்கும் தமிழிலேயே பெயர் சூட்டினோம். வீட்டடைவிலிருந்து தொடங்கினால் பணிகள், அதனுள் கலாசாலை, அதனுள் மலர், அதனுள் தமிழ்ப்பகுதி, அதனுள் நினைவுகள், அதனுள் தொகுப்பு என ஆறு படிகள். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆயின் ஒவ்வொரு முறையும் இவ்வாறு படியும் இறங்கவேண்டும். கோப்பொன்றைத் திறக்க வேண்டினால், கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ், பின்னர் கன்ட்ரோல் விசையுடன் எஃப் எனத் தட்டுதல் வேண்டும். அப்போது கீழே ஒரு வரி தோன்றி, எக்கோப்பு என வினவும். அவ்வரி, நாம் அப்போது எக்கோப்பில் இருக்கின்றோமோ அக்கோப்பு வாழும் அடைவினின்றே தொடங்கும். சற்றுமுன் வேறொரு பணிக்காக வேறிடம் சென்றிருப்போமாயின், தொடக்கமும் வேறாகிவிடும். அதனை அழித்து, வீட்டினின்று மீண்டும் தொடங்கி, ஆங்கில விசையிலிருந்து தமிழ் விசைக்கு மாறி, ஒவ்வொரு பெயராக எழுதிச் செல்வதற்குள், எதற்காகப் புறப்பட்டோம் என்பதே சிலபோது மறந்துபோம். கணிப்பொறியின் பொது விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தால் கன்ட்ரோல் கட்டளைகளும் வேலை செய்யாது மயங்கின. ஈமாக்ஸுக்குள்ளேயே கன்ட்ரோல் விசையுடன் இடச்சாய்கோட்டைத் தட்டித் தமிழ் எழுதும் முறையை ஏற்றுக்கொண்டபின் அம்மயக்கம் மட்டும் நீங்கிற்று. வழியின் நீளம் நீங்கவில்லை.

ஒருநாள் மாலை, எமக்கு உதவி செய்ய வந்திருந்த இளங்கலை மாணவர் ஒருவர் அருகே நின்று யாம் படும் பாட்டை நெடுநேரம் பொறுமையுடன் பார்த்திருந்தார். பிறகு, "ஐயா, ஒவ்வொரு தடவையும் தெருவாசலிலிருந்தா வருகிறீர்கள்?" என்றார்.

"வேறு வழி உண்டோ, தம்பி?" என்றோம்.

"நாலைந்து உண்டு, ஐயா" என்று கூறி, அவர் அம்மாலையில் எமக்குக் கற்பித்தவற்றை ஈண்டு முறைப்படக் கூறுகின்றோம். எம்மைப் போன்று இடர்ப்படும் மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படக்கூடும்.

முதலாவது, அழித்தலின் அழிவு. கீழ்வரியில் ஏற்கனவே உள்ள பாதையை அழிக்கவே வேண்டுவதில்லை. அதன் முடிவிலேயே அலைக்குறியும் சாய்கோடும் இட்டால், முன்னுள்ளது முழுவதும் இல்லையென்றே கொள்ளப்பட்டு, பாதை வீட்டடைவிலிருந்து தொடங்கும். இரண்டு சாய்கோடு அடுத்தடுத்து இட்டால் வேரிலிருந்து தொடங்கும். இவ்வலைக்குறி வீட்டைக் குறிக்கும் வரலாறும் சுவையுடையது. 1976-இல் விற்பனைக்கு வந்த ஏடிஎம்-3ஏ என்னும் கணிப்பொறி முனையத்தில், அலைக்குறியும் வீடு எனப் பொருள்படும் ஹோம் என்னும் சொல்லும் ஒரே விசையின்மேல் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைப் பயன்படுத்தியோர் வீட்டுக்கு அதனையே அடையாளமாகக் கொண்டனர். அம்முனையம் பொருட்காட்சிச் சாலைக்குச் சென்றுவிட்டது. அதன் விசைமேல் இருந்த குறியோ நம் விரல்களில் இன்னும் வாழ்கின்றது.

இரண்டாவது, நூற்குறி. புத்தகம் படிப்போர் விட்ட இடத்தில் மயிலிறகோ தாளோ வைப்பது போன்றதே இது. அடைவினைத் திறந்து வைத்துக்கொண்டு, கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ், பின் ஆர், பின் எம் எனத் தட்டினால், இவ்விடத்துக்கு என்ன பெயர் என வினவும். நாம் விரும்பும் சிறு பெயரைக் கொடுக்கலாம். பின்னர் எங்கிருந்தாலும், முன்போல எக்ஸும் ஆரும் தட்டி, எம்முக்குப் பதிலாகப் பி தட்டி, அப்பெயரைச் சொன்னால் அடுத்த கணமே அவ்விடத்தில் நிற்போம். பி என்பதற்குப் பதிலாக எல் தட்டினால் குறிகள் அனைத்தும் வரிசையாகத் தோன்றும். யாம் எம் தொகுப்பு அடைவுக்கு மலரைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தையே பெயராக இட்டோம். ஆறு படிகள் ஓரெழுத்தாகச் சுருங்கின.

இதில் எச்சரிக்கையொன்று உண்டு. இக்குறிகள் இயல்பாக ஈமாக்ஸை மூடும்போதே வட்டில் எழுதப்படும். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் அன்று வைத்த குறிகள் போயின. எங்கள் பகுதியில் மின்சாரம் நிற்பதற்கு முகூர்த்தம் பார்ப்பதில்லை. குறி வைத்தவுடனேயே அதனை எழுதிக்கொள்ளுமாறு ஒரு மாறியின் மதிப்பை ஒன்று என அமைத்துவிடலாம் என்று மாணவர் காட்டினார். அதனை அன்றே செய்தோம்.

மூன்றாவது, பதிவேட்டு முறை. நாள்தோறும் பலமுறை செல்லும் இடங்களுக்குத் தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதி, ஓரெழுத்தைப் பிணைத்துவிட்டால், கன்ட்ரோல் எக்ஸ், ஆர், ஜே தட்டி அவ்வெழுத்தைத் தட்டுவதே போதும். நூற்குறியினும் இது விரைவு. ஆயின் எழுத்துக்கள் சிலவே ஆதலின் இடங்களும் சிலவாகவே இருத்தல் வேண்டும்.

நான்காவது, உரைத்தொகுப்பியைச் சாராத முறை. வீட்டடைவிலேயே ஒரு குறியிணைப்பு அமைத்து, அது தொலைவிலுள்ள அடைவைச் சுட்டுமாறு செய்யலாம். 1983-இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் பதிப்புடன் பரவிய முறை இது. இதனை எல்லாச் செயலிகளும் அறியும். இவையன்றி, விம் என்னும் மற்றொரு தொகுப்பியைக் கையாளும் அன்பர்கள், எம் தட்டிப் பெரிய ஆங்கில எழுத்தொன்றைத் தட்டி ஒரு கோப்பின் ஓரிடத்தை அடையாளமிட்டுக்கொண்டு, மேற்கோட்குறியும் அவ்வெழுத்தும் தட்டி எங்கிருந்தும் அங்கே திரும்புவர். 1991-இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலனார் 2023-இல் மறைந்தார்; அவர் தொகுப்பி பல்லாயிரவர் விரல்நுனியில் நிற்கின்றது.

இவற்றையெல்லாம் கற்றபின் எமக்கு உண்டான உவகைக்கு அளவில்லை. புதிதாக மிதிவண்டி கற்ற சிறுவன் அடுத்த வீட்டுக்கும் மிதிவண்டியிலேயே செல்வது போல, கண்ட இடங்களுக்கெல்லாம் குறி வைத்தோம். ஒரு திங்களுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட குறிகள் சேர்ந்துவிட்டன. வேண்டிய குறியைத் தேடுவதே புதிய நெடுவழியாயிற்று. பின்னர்த் தெளிந்து, வாரந்தோறும் செல்லாத இடத்துக்குக் குறி வேண்டாம் என்று விதி செய்து, பட்டியலில் டி தட்டி நீக்கத்தக்கவற்றை அடையாளமிட்டு, எக்ஸ் தட்டி ஒருங்கே நீக்கி, ஏழே குறிகளை நிறுத்திக்கொண்டோம். மலருக்குரிய குறி அவ்வேழனுள் முதலாவது. இனி யாம் இழைத்த பிழையைச் சொல்லவேண்டும்.

கட்டுரை அனுப்பியவர்களுள் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். 1950-களில் நம் கலாசாலை விடுதியில் தங்கிப் பயின்றவர். தந்தையார் திடீரென இறந்தமையால் ஒரு பருவத்துக்குரிய விடுதிக் கட்டணம் செலுத்த வகையின்றிப் படிப்பை விட்டு ஊர் திரும்ப இருந்த வேளையில், அக்கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது என்ற செய்தி அவருக்கு வந்ததாம். செலுத்தியவர் விடுதிக் காப்பாளரே எனக் கருதி, அப்பெரியவர் தம் கட்டுரையில் காப்பாளருக்கு உருக்கமாக நன்றி கூறியிருந்தார். அக்கட்டுரையை யாம் கணிப்பொறியில் ஏற்றி, சரிபார்க்கும் பொருட்டுத் தொகுப்பு என்னும் அடைவு முழுவதையும் பொதியாக்கி அவருக்கு அனுப்பினோம். சின்னாட் சென்றபின் அவருடைய பேரன் வாயிலாகப் பொதி திரும்பி வந்தது. "சில திருத்தங்கள் செய்துள்ளேன்" என்று மட்டும் அவர் எழுதியிருந்தார்.

அன்று எமக்கு வேறு அலுவல் மிகுதி. பொதியை அவிழ்த்து, நினைவுகள் என்னும் அடைவில் இறக்கினோம். உள்ளே இருந்ததும் தொகுப்பு. அங்கு ஏற்கனவே இருந்ததும் தொகுப்பு. ஆதலின் புதியது பழையதன்மேற் படிந்து அதனை மாற்றிவிட்டிருக்கும் எனக் கொண்டோம். அவ்வாறு மாற்றுமுன், பழையதை அழிக்கலாமா எனப் பொறி வினவுவது வழக்கம். அன்று அவ்வினா எழவில்லை. எழாமையைக் கண்டு ஐயுற்றிருக்க வேண்டும். யாமோ தொல்லை குறைந்தது என மகிழ்ந்தோம். மறுநாள் முதல் வழக்கம்போல் ஓரெழுத்தைச் சொல்லித் தொகுப்பை அடைந்து, ஒற்றுப்பிழை களைந்து, நிறுத்தற்குறி இட்டு, மூன்று வாரங்கள் உழைத்து வாசிப்புக்குரிய பிரதியை முடித்தோம்.

பழைய மாணவர் தினம் வந்தது. பெரியவர் கைத்தடியூன்றி வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அவருக்கு அருகில், எமக்கு அறிமுகமில்லாத நடுத்தர வயது அம்மையார் ஒருவரும் அவர் மகளும் அமர்ந்திருந்தனர். அவர்களைத் தாமே அழைத்து வந்ததாகப் பெரியவர் முன்னரே சொல்லியிருந்தார்; காரணம் யாம் கேட்கவில்லை. கட்டுரை வாசிக்கப்பட்டது. விடுதிக் காப்பாளரின் பெருந்தன்மையைக் கூறும் இடம் வந்தபோது மன்றத்தில் கைதட்டல் எழுந்தது. பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. அருகிலிருந்த அம்மையாரை ஒருமுறை பார்த்து, பின் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் அவர் எம்மிடம் வந்து மெல்லிய குரலில், "தம்பி, அதைத் திருத்தி அனுப்பியிருந்தேனே, பார்க்கவில்லையா?" என்றார். வேறொன்றும் கூறவில்லை. அவருடைய பேரனே எஞ்சியதை எமக்குச் சொன்னார். கட்டுரையை முதலில் எழுதி அனுப்பியபின், பெரியவர் தம் பழைய விடுதித் தோழர் ஒருவரைக் கண்டு பேசியபோது உண்மை வெளிப்பட்டதாம். பணம் கொடுத்தவர் காப்பாளர் அல்லர், விடுதிச் சமையற்காரர். தம் பெயரை ஒருவருக்கும் சொல்லலாகாது என்று வேண்டிக்கொண்டு, தம் சேமிப்பைக் காப்பாளர் கையில் ஒப்படைத்தவர் அவர். அச்சமையற்காரர் மறைந்து பல்லாண்டுகளாயின. முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் அவருடைய பேத்தி. தம் பாட்டனார் பெயர் அம்மன்றத்தில் ஒலிக்கும் என நம்பி, தம் மகளையும் அழைத்துக்கொண்டு, இரு பேருந்து மாறி வந்திருந்தார்.

அவ்விரவு எமக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் கலாசாலைக்குச் சென்று, குறியின் வழியே தொகுப்பைத் திறந்தோம். காப்பாளரே அங்கு இருந்தார், சமையற்காரரைக் காணோம். மாணவரை அழைத்தோம். அவர் சிறிது நேரம் நோக்கிவிட்டு, கூரைபோன்ற குறியொன்றைத் தட்டினார். ஈமாக்ஸில் அடைவுகளைக் காட்டும் டைர்எட் என்னும் பகுதியில் இக்குறி, இருக்கும் அடைவினின்று ஒரு படி மேலேற்றி, அதனைத் தன்னுள் கொண்ட அடைவைக் காட்டும். நினைவுகள் என்னும் அடைவு தோன்றிற்று. அதனுள்ளே, ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டு தொகுப்புகள் இருந்தன.

ஒரே அடைவில் ஒரே பெயருடைய இரண்டு இருத்தல் இயலாது என்பது கணிப்பொறியின் அடிப்படை விதி. ஆயின் கண்ணுக்கு எள்ளளவும் வேற்றுமையில்லை. மாணவர் முதற் பெயரின் இரண்டாம் இடத்தில் சுட்டியை நிறுத்தி, எழுத்தின் இயல்பை விளக்குமாறு ஈமாக்ஸைக் கேட்டார். அது 3018 என்னும் எண்ணைக் காட்டிற்று. இரண்டாம் பெயரில் அதே இடத்தில் கேட்டார். 3014 எனவும் 3006 எனவும் இரண்டு எண்கள் தோன்றின. அப்போதுதான் உண்மை விளங்கிற்று.

1991 முதல் தமிழையும் தன்னகத்தே கொண்டுள்ள யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறிமுறையில், ஒகரத்தின் துணைக்குறியை இருவகையாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த முழுமையை ஒரே குறியாக 3018 என எழுதுவது ஒருவகை. கொம்பினை 3014 எனவும் காலினை 3006 எனவும் தனித்தனியே எழுதுவது மற்றொருவகை. இரண்டும் ஒன்றே எனக் கொள்ளத்தக்கன என்று அக்குறிமுறையே விதித்துள்ளது. திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒரே வடிவாகவே தோன்றும். எனினும் எமது பொறியில் இயங்கும் லினக்ஸ் அடைவுப் பெயர்களை எழுத்தாகக் காண்பதில்லை. எண்களின் வரிசையாகவே காண்கின்றது. ஆதலின் எண் வேறாயின் பெயரும் வேறு. யாம் அனுப்பிய தொகுப்பு முதல்வகையில் இருந்தது. பேரனுடைய பொறி வேறு வகையினது. பெயர்களைப் பிரித்து எழுதும் இயல்புடையது. அங்குச் சென்று திரும்பிய தொகுப்பு இரண்டாம் வகையினதாக வந்தது. ஒன்று மற்றொன்றை மாற்றாமல், இரட்டைப் பிள்ளைகள் போல அருகருகே நின்றன. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இவ்விருமை உண்டு.

யாம் நெடுவழியே எழுதிச் சென்றிருந்தாலும், கையால் எழுதும் தொகுப்பு முதல்வகையினதே ஆதலின் பழைய இடத்தையே அடைந்திருப்போம். ஆயின் படிப்படியாக அடைவுகளைப் பார்த்துக்கொண்டு இறங்கியிருந்தால், ஐந்தாம் படியில் இரட்டையைக் கண்டிருப்போம். மூன்று வாரங்களில் ஒரு நாளேனும் அவ்வாறு இறங்கவில்லை. ஓரெழுத்தைச் சொன்னோம், உள்ளே நின்றோம். அவ்வீட்டுக்கு அண்டைவீடு உண்டு என்பதே எம் கண்ணிற் படவில்லை.

நூற்குறியின்மேல் குற்றம் சுமத்த யாம் துணியோம். குறித்த இடம் அழிந்திருந்தாலோ பெயர் மாறியிருந்தாலோ, அது அவ்விடம் இல்லை என்று கூறி, புதிய இடம் யாது என வினவும். அவ்வளவு நேர்மை அதற்கு உண்டு. இடம் இருந்து, அதன் தகுதி மட்டும் போய்விட்டால் அதனை அறிவதற்கு அக்குறிக்கு வழியில்லை. அதனை அறிதல் எம் கடன். அடிக்கடி செல்லும் இடத்தை நன்கு அறிந்த இடம் என யாம் எண்ணியிருந்தோம். அவ்வாறு அன்று. ஓரிடத்துக்கு எத்துணை விரைவாகச் செல்கின்றோமோ, அத்துணைக்கு அதன் சுற்றுப்புறம் நம் கண்ணுக்கு மறைகின்றது. வழியிற் செலவிடும் காலமெல்லாம் வீண் என எண்ணியிருந்தோம். அதில் ஒரு பகுதி காவலாக இருந்தது என்பதைக் காவல் நீங்கியபின் கண்டோம்.

இதனால் குறுவழிகளைக் கைவிட்டோமா எனின், இல்லை. எம் வயதில் ஆறு படிகளை நாளுக்கு இருபது முறை இறங்குதல் அறிவுடைமையாகாது. மூன்று சிறு விதிகளை மட்டும் வகுத்துக்கொண்டோம். ஒன்று, குறியின் வழியே ஓர் அடைவை அடைந்ததும், நாளின் முதல் முறையேனும் கூரைக்குறியைத் தட்டி ஒரு படி மேலேறி, அக்கம்பக்கம் நோக்கிவிட்டு மீண்டும் உட்புகுதல். இதற்கு இரண்டு கணமே செல்லும். இரண்டு, பிறரிடமிருந்து வந்த பொதியை ஏற்கனவே உள்ள இடத்தில் அவிழ்க்காது, வந்த நாளைப் பெயராகக் கொண்ட புதிய அடைவில் அவிழ்த்து, வேற்றுமைகளை ஒப்பிட்டபின் சேர்த்தல். மூன்று, அடைவுகளுக்கு ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வாராத பெயர்களை இடுதல். ஆதலின் தொகுப்பு இப்போது திரட்டு எனப் பெயர் பெற்றுள்ளது. தமிழில் சொற்பஞ்சம் இல்லாமையால் இவ்விதி எமக்குச் சுமையாகவில்லை.

மாணாக்கர்க்கு ஒரு சொல். நீவிர் எம்மினும் விரைவுடையீர். உங்கள் விரல்கள் நாளை எம்மால் நினைக்கவும் இயலாத குறுவழிகளைக் காணும். காண்க, அவற்றால் பயன் கொள்க. ஆயின் எந்த ஏழு இடங்களுக்குக் குறி வைக்கின்றீர் என்பதை நீவிரே எண்ணித் தேர்க. வைத்த குறிகளைத் திங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க. சென்றடைந்த இடத்தில் ஒருகணம் நின்று, இஃது யாம் தேடிய இடந்தானோ என வினவுக.

பெரியவரைப் பின்னர் அவர் இல்லத்தில் கண்டு எம் பிழையைச் சொல்லி மன்னிப்பு வேண்டினோம். ஒகரத்தின் இரு வடிவங்களையும் தாளில் எழுதிக் காட்டி விளக்கினோம். அவர் அத்தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று" என்றார். எழுத்தைக் குறித்துச் சொன்னாரோ, பணம் தந்த கையையும் அதைக் கொண்டுவந்து சேர்த்த கையையும் குறித்துச் சொன்னாரோ, யாம் அறியோம்.

அவருடைய கட்டுரை, அவரே திருத்திய வடிவில், இம்மலரின் இதே பகுதியில் வெளிவருகின்றது. அச்சமையற்காரரின் பெயர் அதில் உரிய இடத்தில் உள்ளது. மலரின் பிரதியொன்று அவர் பேத்தியாருக்கு அனுப்பப்படும். விலாசத்தை யாமே எழுதி, இருமுறை சரிபார்த்து வைத்துள்ளோம்.